பேசுறப்போ நல்ல இங்கிலீஷ் வார்த்தை வரணும்னா: எங்க வாய்ட் டெக்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் செங்காங்ல எங்க புளோக் கீழ வாய்ட் டெக்ல (அடுக்குமாடிக்கு அடியில இருக்கிற திறந்த தளம்) அஞ்சாறு பேரு உக்காந்து இங்கிலீஷ்ல பேசிப் பழகுறோம். கிளாஸ் எல்லாம் இல்ல, ஃபீஸும் இல்ல, யாராவது வீட்ல இருந்து டீ வரும் அவ்வளவுதான். நான் டீச்சர் கிடையாது, கல்யாணமாகி தஞ்சாவூர்ல இருந்து வந்து பதினாறு வருஷமாச்சு, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில கஸ்டமர் சர்வீஸ் வேலை. புதுசா யாரு வந்தாலும் அதே சந்தேகம்தான் கேக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்ல முடியல, அதான் எழுதி வச்சுட்டேன்.

அக்கா, அட்வான்ஸ்டு வொகாபுலரின்னா பெரிய பெரிய வார்த்தைதானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். ஒரு விஷயம் சொல்றேன். டிஓல, அதாவது டெலிவரி ஆர்டர் பேப்பர்ல, நாப்பது கார்ட்டன்னு இருக்கும், துவாஸ் வேர்ஹவுஸ்ல இறக்கிப் பாத்தா முப்பத்தெட்டுதான் இருக்கும். நான் வருஷக்கணக்கா கஸ்டமருக்கு ஃபோன் போட்டு "சார், கவுன்ட் நாட் சேம், பேப்பர் ஃபார்ட்டி, ஹியர் தர்ட்டி எய்ட்"னு ஆரம்பிச்சு இழுத்துட்டு இருப்பேன், அவரு "யூ மீன் டேமேஜ்?"னு கேப்பாரு, நான் நோ நோன்னு திரும்ப முதல்ல இருந்து சொல்லுவேன். ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பொண்ணு ஃபோன்ல "தேர்ஸ் எ டிஸ்க்ரெபன்சி, டூ கார்ட்டன்ஸ் ஷார்ட்"னு சொல்லிட்டு வச்சுட்டா. பத்து செகண்டுதான்.

அந்த 'டிஸ்க்ரெபன்சி'தான் அட்வான்ஸ்டு வார்த்தை. நீளமா இருக்குன்னு இல்ல, ரெண்டு கணக்கு ஒத்துப்போகலங்கிற அந்த ஒரே விஷயத்துக்குன்னே இருக்கிற வார்த்தைங்கிறதால. 'ஷார்ட்'டும் அங்க அதே அளவுக்கு அட்வான்ஸ்டுதான், குழந்தைக்கும் தெரிஞ்ச வார்த்தையா இருந்தாலும்.

மொத்தம் எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும்?

பால் நேஷன்னு நியூசிலாந்து பேராசிரியர் ஒருத்தர், வொகாபுலரி ஆராய்ச்சில பெரிய ஆளு, 2006-ல ஒரு கணக்கு போட்டாரு. நூறு வார்த்தையில தொண்ணூத்தெட்டு தெரிஞ்சாதான் தடங்கல் இல்லாம புரியும்னு வச்சுக்கிட்டா, பேச்சைக் கேட்டுப் புரிஞ்சுக்க 6,000-ல இருந்து 7,000 வார்த்தைக் குடும்பம் வேணும், பேப்பர், நாவல் படிக்க 8,000-ல இருந்து 9,000 வேணும்னு. குடும்பம்னா டெவலப், டெவலப்பர், டெவலப்மென்ட் எல்லாம் சேர்த்து ஒண்ணு.

பயந்துடாதீங்க, இது கேட்டுப் புரியறதுக்கான கணக்கு. நாம வாயால பேசறதுக்கு அதுல பாதி கூட வேண்டியதில்ல.

தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் பண்றேன், பேசறப்போ ஒண்ணு கூட வரமாட்டேங்குதே?

வராது. தெரிஞ்ச வார்த்தை வேற, வாயில வர்ற வார்த்தை வேற. நோட்டுல வார்த்தைக்கு நேரா தமிழ் அர்த்தம் எழுதி வச்சா, பரீட்சைல அர்த்தம் கேட்டா வரும், மேனேஜர் முன்னாடி நிக்கிறப்போ வராது, ஏன்னா மேனேஜர் அர்த்தம் கேக்க மாட்டாரு பாருங்க.

நாங்க பண்றது இதுதான். வாரத்துக்கு அஞ்சு வார்த்தை, அதுவும் அந்த வாரம் நமக்கே தேவைப்பட்டு வராமப்போன வார்த்தை மட்டும். ஒவ்வொண்ணுக்கும் நம்ம வாழ்க்கைல இருந்து ஒரு முழு வாக்கியம், அதை வாய்விட்டுச் சொல்லணும். அன்னைக்கு, மறுநாள், ஒரு வாரம் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சுன்னு இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லணும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885-லயே அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமா மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமா மறக்குதுன்னு தன்னையே வச்சு அளந்து பாத்திருக்காரு. முதல் நாள்லயே பாதிக்கு மேல போயிடுது, மறக்கப்போற நேரத்துல திரும்பத் தொட்டாதான் நிக்குது. ஒரே நாள்ல ஐம்பது தடவை எழுதறது கைவலிதான்.

வார்த்தை சரியாத்தான் சொல்றேன், ஆனா கேக்குறவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க

வார்த்தை சரியா இருக்கும், கூட வர்ற ஆள் தப்பா இருக்கும். தமிழ்லயே பாருங்க, யாராவது வந்து "நான் தோசை சமைச்சேன்"னு சொன்னா உங்களுக்குப் புரியும், ஆனா உள்ளுக்குள்ள சிரிப்பு வரும். தோசை சுடணும், இட்லி அவிக்கணும், கோலம் போடணும், தலை சீவணும். ஏன்னு கேட்டா பதில் கிடையாது, அப்படித்தான்.

இங்கிலீஷ்லயும் அதே கதைதான். மழை ஹெவி, காத்து ஸ்ட்ராங். டிசிஷன் 'மேக்' பண்ணணும், மிஸ்டேக்கும் 'மேக்', ஆனா ஹோம்வொர்க் 'டூ'. ப்ராப்ளம்னா 'சால்வ்', கம்ப்ளெய்ன்ட்னா 'ரிசால்வ்', டெட்லைன்னா 'மீட்'. 'டிஸ்கஸ் அபவுட்' கிடையாது, வெறும் டிஸ்கஸ்தான். அதனால வார்த்தையைத் தனியா எழுதாதீங்க, ஜோடியா எழுதுங்க. "டெட்லைன்"னு எழுதறதுக்குப் பதிலா "மீட் தி டெட்லைன், மிஸ் தி டெட்லைன், எக்ஸ்டெண்ட் தி டெட்லைன்"னு எழுதினா மூணு வாக்கியம் ரெடியா கைல இருக்கு.

நம்ம ஊர் இங்கிலீஷ்ல எதெல்லாம் இங்க தப்பு?

தப்புன்னு சொல்ல மாட்டேன், ஊர் மாறினா அர்த்தம் மாறுதுன்னு சொல்லுவேன். "ஐ ஹேவ் எ டவுட்"னா நமக்கு ஒரு கேள்வி இருக்குன்னு அர்த்தம், வெள்ளைக்காரங்களுக்கு நீங்க சொன்னதை நம்பலன்னு அர்த்தம், 'கொஸ்டின்'னு சொல்லிட்டா வம்பில்ல. "ஐ பாஸ்டு அவுட் இன் 2012"னா 2012-ல மயங்கி விழுந்தீங்களான்னு கேப்பாங்க, 'கிராஜுவேட்டட்'னு சொல்லணும். 'கசின் பிரதர்' வேண்டாம், கசின் போதும், அண்ணனா தம்பியான்னு அவங்களுக்குக் கவலையே கிடையாது. 'ப்ரீபோன்' இப்போ டிக்‌ஷனரியிலயே இருக்கு, ஆனா நம்ம ஆளுங்களைத் தவிர மத்தவங்க முழிப்பாங்க, 'பிரிங் ஃபார்வர்டு'ன்னு சொல்லுங்க.

'ரிவர்ட்' கதை வேற. பதில் சொல்றேங்கிற அர்த்தத்துல சிங்கப்பூர் ஆஃபிஸ்ல எல்லாருமே எழுதுறாங்க, இந்தியால மட்டும் இல்ல. இங்க அது ஓடும். லண்டனுக்கோ சிட்னிக்கோ மெயில் போனா 'ஐ வில் கெட் பேக் டு யூ'ன்னு எழுதிடுங்க, ஏன்னா அவங்களுக்கு ரிவர்ட்னா பழைய நிலைமைக்குத் திரும்புறது.

சிங்லிஷ், அதான் சிங்கப்பூர்ப் பேச்சு இங்கிலீஷ், பேசினா என் இங்கிலீஷ் கெட்டுப்போயிடுமா?

இந்தப் பயம் அரசாங்கத்துக்கே இருந்துச்சு, 2000-ல கோ சோக் டோங் பிரதமரா இருந்தப்போ ஸ்பீக் குட் இங்கிலீஷ் இயக்கமே ஆரம்பிச்சாங்க. அப்புறம் 2016-ல ஆக்ஸ்ஃபர்ட் டிக்‌ஷனரிக்காரங்க ஷியோக் (சூப்பர்), லெப்பாக் (சும்மா உக்காந்து பொழுது போக்குறது) மாதிரி வார்த்தையை எல்லாம் உள்ள சேர்த்துக்கிட்டாங்க. அவங்க வேலை அவங்களுக்கு.

நம்ம தமிழங்களுக்கு இது புரியறது ரொம்ப ஈசி. தேக்கா மார்க்கெட்ல போய் "ஐயா, இம்மீன் என்ன விலை?"ன்னு கேப்போமா? மேடையில ஏறி "இன்னாப்பா சவுக்கியமா"ன்னு ஆரம்பிப்போமா? எழுத்துத் தமிழ் ஒண்ணு பேச்சுத் தமிழ் ஒண்ணுன்னு சின்ன வயசுல இருந்து ரெண்டையும் வச்சு ஓட்டுறவங்க நாம. கோப்பிக்கடை அங்கிள்கிட்ட "கேன் ஆர் நாட்?" போதும், அங்க போய் "வுட் இட் பி பாசிபிள்"னு இழுத்தா அவரு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவாரு.

கெட்டுப்போறது எப்போன்னா, சிங்லிஷ் ஒண்ணு மட்டும்தான் வருங்கிறப்போ. "ஆஃப் தி லைட்"னு வீட்ல சொல்லுங்க, ஆனா "டர்ன் ஆஃப் தி லைட்"தான் இன்னொண்ணுன்னு தெரிஞ்சு சொல்லுங்க.

மீட்டிங்ல மறுத்துப் பேசணும், நான் பேசினா சண்டை போடற மாதிரி இருக்காம்

அதிகமா வர்ற கேள்வி இது, அதுவும் ஆம்பளைங்ககிட்ட இருந்து. தமிழ்ல நாம எப்படி மென்மையாக்குறோம்? "கொஞ்சம்", "-ஆமே", "பாக்கலாமா", அப்புறம் குரல்ல ஒரு இழுப்பு. இங்கிலீஷ் பேசறப்போ இதெல்லாம் உதிர்ந்து போயிடுது, மிச்சம் நிக்கிறது "நோ, திஸ் இஸ் ராங்" மட்டும்தான்.

இங்கிலீஷ்ல அந்த வேலையைச் செய்ய வேற சாமான் இருக்கு. 'ராங்'குக்குப் பதிலா "ஐ'ம் நாட் என்டயர்லி கன்வின்ஸ்டு". 'கேனாட்'டுக்குப் பதிலா "ஐ'ம் நாட் ஷுர் தட்ஸ் ஃபீசிபிள் பை ஃப்ரைடே", அதுல கூட வெள்ளிக்கிழமைதான் பிரச்சினை, நீ பிரச்சினை இல்லன்னு ஒரு வழி விட்டுக் கொடுக்குது பாருங்க. "ஐ வான்ட்" போய் "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்". எனக்குப் பிடிச்சது "ஐ ஹேவ் ஒன் கன்சர்ன்", ஒண்ணுதான்னு சொன்னதும் எல்லாரும் காது கொடுப்பாங்க, அதுக்குள்ள மூணையும் சொல்லிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிரேன் அடியில ஆள் நின்னா "ஐ வாஸ் வொண்டரிங்" எல்லாம் வேண்டாம், "ஸ்டாப்! மூவ்!"தான். சைட்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் நாங்க சொல்லிக் கொடுத்ததை சேஃப்டி பிரீஃபிங்ல அப்படியே எடுத்து விட்டு, சூப்பர்வைசர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

'வெரி'யை விட்டுட்டா பாதி பிரச்சினை தீரும்னு சொல்றாங்களே?

பாதி இல்ல, கால்வாசி தீரும். 'வெரி டயர்டு'க்கு எக்ஸாஸ்டட், 'வெரி பிக்'குக்கு ஹ்யூஜ், சரிதான். ஆனா ரொம்பங்கிற அளவை விட எந்த வகைங்கிறதுதான் முக்கியம். "ஐ'ம் வெரி சேட்"னு ஒரு அக்கா எல்லாத்துக்கும் சொல்லுவாங்க. பிரமோஷன் கிடைக்கலன்னா அது டிசப்பாயின்டட். லிஃப்ட் மூணாவது நாளா ரிப்பேர்னா ஃப்ரஸ்ட்ரேட்டட். ஊர்ல அம்மா தனியா இருக்காங்கன்னா வொரீடு. தமிழ்ல ஏமாத்தம், எரிச்சல், கவலைன்னு அழகாப் பிரிச்சுச் சொல்றவங்க இங்கிலீஷ்ல எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டுடுறோம்.

இன்னொரு ஜோடி: ஹெசிடன்ட், ரிலக்டன்ட். முதலாவது தயக்கம், செய்யலாமா வேண்டாமான்னு. ரெண்டாவது மனசில்லாம, செய்வேன் ஆனா இஷ்டம் இல்லன்னு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்கு எந்த வார்த்தைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஒரே மாதிரி இருக்கிற வார்த்தையில மாட்டிக்கிறேன்

வாங்க, நம்ம கட்சி. பல வருஷம் முன்னாடி எங்க பெரிய மேனேஜர் அறுபது பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் போட்டாரு. நான் புதுசாப் படிச்ச வார்த்தையைப் போடணும்னு மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும் "தேங்க்யூ ஃபார் தி எக்ஸாஸ்டிங் ரிப்போர்ட்"னு சொல்லிட்டேன். சொல்ல வந்தது எக்ஸாஸ்டிவ், ஒண்ணு விடாம எல்லாம் இருக்குன்னு. சொன்னது, படிச்சு உயிரே போச்சுன்னு. ஒரு நிமிஷம் ஒருத்தரும் பேசல, அப்புறம் அவரே சிரிச்சு "இட் வாஸ் எக்ஸாஸ்டிங் டு ரைட் டூ"ன்னாரு. நல்ல மனுஷன்.

சென்சிபிள்னா புத்தியோட நடந்துக்கிறது, சென்சிடிவ்னா தொட்டாச்சிணுங்கி. எகனாமிக்னா பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, எகனாமிக்கல்னா சிக்கனம். ஒரே நாள்ல ரெண்டையும் படிக்காதீங்க, ஒண்ணு நல்லா வாயில நின்ன பிறகு மத்தது, இல்லன்னா வாழ்நாளுக்கும் குழப்பம்தான்.

புட் ஆஃப், லுக் இன்டூ எல்லாம் சின்னப்புள்ள இங்கிலீஷா? போஸ்ட்போன், இன்வெஸ்டிகேட்னுதானே சொல்லணும்?

தலைகீழாப் புரிஞ்சிருக்கீங்க. 1066-ல நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்க, அப்புறம் பல தலைமுறைக்கு அரண்மனை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு, சர்ச்சுல லத்தீன், வீட்லயும் வயல்லயும் பழைய இங்கிலீஷ். அதனாலதான் ஒரே வேலைக்குப் பழைய இங்கிலீஷ் பக்கத்து 'ஆஸ்க்'கும் இருக்கு, பிரெஞ்சு லத்தீன் பக்கத்து 'என்கொயர்'உம் இருக்கு. நமக்குத் தண்ணியும் நீரும் இருக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

நாம இங்கிலீஷைப் புத்தகத்துல படிச்சவங்க, அதனால லத்தீன் பக்கத்து வார்த்தைதான் முதல்ல வருது. அங்கேயே பிறந்தவங்க பேசறப்போ 'லுக் இன்டூ', 'சார்ட் அவுட்', 'ஃபாலோ அப்', 'ரன் அவுட் ஆஃப்'தான் ஓடும். பேச்சுல இது வந்துட்டாதான் அட்வான்ஸ்டு. ரிப்போர்ட்லயும் கடுதாசிலயும் போஸ்ட்போன் இருக்கட்டும்.

நான் சொல்ற வார்த்தைக்கு "சாரி?"னு கேக்குறாங்க, ஸ்பெல்லிங் சொன்னாதான் புரியுது

அழுத்தம் இடம் மாறியிருக்கும். தமிழ்ல எந்த அசையை அழுத்தினாலும் வார்த்தை மாறாது, அதனால நாம எல்லாத்தையும் ஒரே தட்டுல வச்சுப் பேசிடுறோம். இங்கிலீஷ்ல ஒரு அசை மேல ஏறும், மத்தது சுருங்கிப் போகும். ஃபோட்டோகிராஃப்ல முதல் அசை ஏறும், ஃபோட்டோகிராஃபில ரெண்டாவது ஏறும். டெவலப்புக்கு 'வெ' மேல. நான் ரொம்ப நாளா இன்வென்டரிக்கு நடுவுல 'வென்'னை அழுத்திட்டு இருந்தேன், முதல்ல இருக்கிற 'இன்'னை அழுத்தணும், வேலையில தினமும் இருபது தடவை சொல்ற வார்த்தை!

எழுதியிருக்கிறபடி படிக்கிற பழக்கமும் ஒண்ணு இருக்கு. டெட் (debt, கடன்), ரிசீட் (receipt) ரெண்டுலயும் நடுவுல எழுத்து நிக்கும், சத்தம் வராது. டிடர்மின்ல கடைசில 'மைன்' கிடையாது. புது வார்த்தையைக் கண்ணால எடுத்தா காதாலயும் ஒரு தடவை எடுத்துடுங்க, ஹேண்ட்ஃபோன் டிக்‌ஷனரில ஸ்பீக்கர் படம் அதுக்குத்தான். காலைல பஸ்ல 93.8 ரேடியோ கேட்டாலும் நல்லது, செய்தியும் பேச்சும்தான் ஓடும்.

பேசிட்டு இருக்கிறப்போ நடுவுல வார்த்தை மறந்துடுது, அப்படியே நின்னுடுறேன்

நிக்காம சுத்திட்டுப் போங்க. 'ஸ்டேப்ளர்' மறந்தா "தி திங் யூ யூஸ் டு பின் பேப்பர்ஸ் டுகெதர்"னு சொல்லுங்க, எதிர்ல இருக்கிறவரே வார்த்தையை எடுத்துக் கொடுப்பாரு, உங்களுக்கு ஓசில ஒரு பாடம். "ஹவ் ஷுட் ஐ புட் திஸ்", "லெட் மி ரீஃப்ரேஸ் தட்" ரெண்டையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்குப் பழகி வச்சுக்கோங்க, யோசிக்க நேரம் கிடைக்கும், தடுமாறுன மாதிரியும் தெரியாது.

ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போறேன், கஷ்டமான வார்த்தையா போட்டா பேண்ட் (மார்க்கு) ஏறுமா?

ஸ்பீக்கிங் மொத்தமே 11-ல இருந்து 14 நிமிஷம், மூணு பகுதி. மார்க்கு நாலு தலைப்புல சமமாப் பிரிச்சுப் போடறாங்க: சரளமும் கோர்வையும், வார்த்தை வளம், இலக்கணம், உச்சரிப்பு. அப்போ வார்த்தைக்குக் கால் பங்குதான். அந்தக் கால் பங்குலயும் வார்த்தை பொருத்தமா இருக்கான்னு பாப்பாங்க, ஜோடி சரியா இருக்கான்னு பாப்பாங்க (தோசை சமைச்ச கதை), மறந்தா சுத்திச் சொல்ல வருதான்னும் பாப்பாங்க (ஸ்டேப்ளர்). யூடியூப்ல 'பேண்ட் 9 வார்த்தைகள்'னு லிஸ்ட் போடறாங்களே, அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா எக்ஸாமினர் கேட்டவுடனே கண்டுபிடிச்சுடுவாங்க, குரலே மாறிடும்ல.

காசு கட்டி கோர்ஸ் சேரலாமா?

சிட்டிசனா இருந்து 25 வயசு ஆயிடுச்சுன்னா கோர்ஸ் படிக்க அரசாங்கம் குடுக்கிற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் இருக்கும், அதுல சேருங்க, கைக்காசு வேண்டாம். வொர்க் பாஸ் மாதிரி பாஸ்ல இருக்கிறவங்க முதல்ல நூலகத்துக்குப் போங்க, உள்ள உக்காந்து படிக்க யாரும் காசு கேக்க மாட்டாங்க. "முப்பது நாள்ல முன்னூறு வார்த்தை"ன்னு விக்கிற கோர்ஸ்ல நானே ஒரு தடவை காசைத் தொலைச்சேன், பேரு வேண்டாம், அந்த முன்னூறுல இன்னைக்கு வரைக்கும் நான் உபயோகிச்சது நாலு.

வீட்ல தமிழ் பேசினா பிள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தை குறைஞ்சிடாதா? அவன் என் இங்கிலீஷைக் கேட்டு வேற சிரிக்கிறான்

சிரிச்சா சிரிக்கட்டும், எங்க வீட்லயும் அதே கூத்துதான். பள்ளிக்கூடம், கூட்டாளி, டிவி எல்லாம் இங்கிலீஷா இருக்கிற ஊர்ல அதுக்குப் பஞ்சம் வராது, பஞ்சம் வரப்போறது மத்ததுக்குத்தான். வீட்ல பேசற மொழியில விஷயத்தை விவரமாச் சொல்லப் பழகுன பிள்ளைக்கு ஓரல் பரீட்சைல படத்தைக் காட்டிக் கருத்து கேட்டாலும் சொல்ல விஷயம் இருக்கும், வார்த்தையை மட்டும் மாத்திக்கிட்டா ஆச்சு.

எங்க பையன் உயர்நிலை ஒண்ணு. எனக்கு இன்வென்டரியைத் திருத்தினது அவன்தான், நான் அவனுக்கு 'வாழப்பழம்' திருத்திட்டு இருக்கேன், இன்னும் 'வாலப்பலம்'தான் வருது. போன மாசம் திடீர்னு கேட்டான், "அம்மா, நீ எப்பப் பாத்தாலும் டிஸ்க்ரெபன்சி டிஸ்க்ரெபன்சிங்கிறியே, தமிழ்ல அதுக்கு என்ன?"ன்னு. முரண்பாடுன்னேன், சரியாப் படல. வேறுபாடுன்னேன், அதுவும் இல்ல. உள்ள வெங்காயம் நறுக்கிட்டு இருந்த எங்க மாமியார் திரும்பிக் கூடப் பாக்காம, "கணக்கு இடிக்குதுன்னு சொல்லு"ன்னாங்க.